காற்றடித்த லேப்டாப்

எங்கள் வீட்டில் ஓடாமல் நிற்கிற எதையும் அடித்துத்தான் ஓட வைப்பார்கள். டிவியில் படம் நடுங்கினால் அதன் முதுகில் ஓர் அறை. மிக்ஸி முனகினால் ஒரு குத்து. மோட்டார் இழுக்காவிட்டால் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு ஓர் உதை. அம்மா எதிர்த்துப் பேசினால் அடி, பேசாமல் நின்றால் திமிர் என்று இன்னும் இரண்டு அடி. அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது என்று சொந்தக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அடி வாங்காதவர்களுக்குச் சிரிப்பு சுலபமாகத்தான் வரும்.

சூலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பாதி வீடுகள் விசைத்தறி வீடுகள். எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே தறி குடோன். விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். அப்பா அம்மாவைச் சமையலறைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி அறைந்ததை நான் பார்த்த போதெல்லாம் தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கை இறங்குவது தெரியும், அம்மாவின் வாய் திறப்பது தெரியும், சத்தம் மட்டும் வராது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எதுவும் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியாத மாதிரி இருக்க அவர்களுக்கு வசதியாக இருந்தது.

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். ஷட்டவுன் என்று சொல்வோம். காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். அன்றைக்கு ஊரே அடங்கிக் கிடக்கும். எதிர் வீட்டில் தாளிப்பது கூடக் கேட்கும். அந்த ஒரு நாள் அப்பா யாரையும் தொட மாட்டார், ஏனென்றால் தெருவுக்குக் கேட்டுவிடும், மானம் மரியாதை பார்க்கிற மனிதர் அவர். அம்மா அந்த நாளைத் தீபாவளி மாதிரி எதிர்பார்த்துக் கொண்டிருப்பாள்.

அந்த வருடம் நான் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி வேலைக்கு இரண்டு சுற்றுகளைத் தாண்டியிருந்தேன். கம்ப்யூட்டர் பழுதாகிப் போன் செய்கிறவர்களுக்கு வழி சொல்லிச் சரிசெய்து கொடுக்கிற வேலை. சம்பளம் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்து இரண்டு பேர் சாப்பிடலாம். இரண்டு பேர் என்றால் நானும் அம்மாவும். பாத்திரம் துலக்கும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு, மொதல்ல வேலை கெடைக்கட்டும், அப்பறம் பாக்கலாம் என்றாள். முடியாது என்று சொல்லவில்லை. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. இந்த வேலை கிடைத்தால் அம்மா என்னோடு வருவாள், கிடைக்காவிட்டால் இங்கேயே செத்துப் போவாள் என்று நான் நம்பினேன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

கடைசிச் சுற்று நேர்காணல் வீடியோவில். தறிச் சத்தத்தில் அது நடக்காது. வெளியே எங்காவது போய்ப் பேசலாம் என்றால், பெண்பிள்ளை எங்கே, யாரோடு, எதற்குப் போகிறாள் என்று அப்பா உயிரை வாங்குவார். அதனால் கம்பெனிக்காரர்களிடம் ஷட்டவுன் நாளையே கேட்டு வாங்கினேன், மதியம் இரண்டு மணி. போனில் பேச முடியாது, திரையைப் பகிர்ந்து காட்டச் சொல்வோம், லேப்டாப் வேண்டும் என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். என்னுடையது படிக்கும்போது வாங்கிய பழைய லேப்டாப். அடிக்கடி சூடாகும். மற்றபடி நல்ல பிள்ளை.

அதைக் கெடுத்தவன், குடோனில் வேலை பார்க்கிற என் அண்ணன். கெடுக்க வேண்டும் என்று செய்யவில்லை. தறி குடோனில் எல்லாவற்றுக்கும் மருந்து ஏர்தான், கம்ப்ரசர் காற்று. தறியில் பஞ்சு அடைந்தால் கம்ப்ரசர் குழாயைப் பிடித்து ஏர் அடிப்பார்கள், பைக்கில் தூசி என்றாலும் ஏர், வேலை முடிந்து கிளம்புகிறவர்கள் தலையிலும் சட்டையிலும் ஏர் அடித்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். ஷட்டவுன் அன்று கரண்ட் போகுமுன் கம்ப்ரசர் தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டு, தறி நின்றதும் அந்தக் காற்றிலேயே குடோன் முழுவதையும் ஊதிச் சுத்தம் செய்வது வழக்கம். லேப்டாப் உள்ளே பஞ்சு போயிருக்கும் போல, சூடாகிறது என்று முந்தின நாள் நான் அம்மாவிடம் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அதைத் தூக்கிக்கொண்டு போய், காற்று வெளியே வருகிற ஓட்டையில் குழாயை வைத்து ஒரே அழுத்தாக அழுத்தியிருக்கிறான். தொட்டியின் அடியில் தண்ணீர் சேரும், தினமும் திறந்து விட வேண்டும், அன்றைக்கு விடவில்லை. காற்றோடு எண்ணெய்த் தண்ணீரும் பீய்ச்சிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

பெரிய உபகாரம் செய்த முகத்தோடு கொண்டுவந்து கட்டில் மேல் வைத்தான். பட்டனை அழுத்தினேன். ஒரு சின்ன விளக்கு மினுக்கிவிட்டு அணைந்தது. மறுபடி அழுத்தினேன், அதுவும் இல்லை. அடியில் தொட்டுப் பார்த்தால் ஈரம். எனக்குக் கண் மண் தெரியவில்லை, வாய்க்கு வந்ததையெல்லாம் அவனைச் சொல்லிவிட்டேன். அவன் கையை ஓங்கினான். ஓங்கியவன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தான், கையை இறக்கினான், பிறகு ஓசையில்லாமல் என் மணிக்கட்டைப் பிடித்து ஈரத்துணி பிழிவது போலத் திருகினான். நானும் கத்தவில்லை. ஷட்டவுன் நாளின் ஒழுங்கு எங்கள் எல்லோருக்கும் அத்துப்படி.

இந்தச் சந்தடியில் அப்பா வந்தார். என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே லேப்டாப்பைக் கையில் எடுத்தார். முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். நான் வேண்டாமுங்க அப்பா, வேண்டாமுங்க என்று கெஞ்சக் கெஞ்ச ஓங்கி ஓர் அறை வைத்தார். அதற்கும் விளக்கு எரியவில்லை என்றதும் அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. தன் பேச்சைக் கேட்காத எதையும் அவரால் பொறுக்க முடியாது. மனிதர்களைத் தொட முடியாத நாளில் தினவெடுத்திருந்த கை, லேப்டாப்பைத் தூக்கிக் கட்டில் சட்டத்தில் மொத்தென்று மோதியது. மூடியைத் திறந்து பார்த்தேன். திரை நெடுகிலும் விரிசல். போயிருச்சு, தூக்கி வீசிப்போட்டு வேற சோலியப் பாரு என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

அந்த நிமிடம் எனக்கு என்ன தோன்றியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி அவர் மண்டையைப் பிளக்க வேண்டும் என்று தோன்றியது. எப்படிப் பிளக்கும், எவ்வளவு ரத்தம் வரும் என்பது வரைக்கும் பார்த்துவிட்டேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தையல் மெஷின் பெட்டியில் கிடந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து உட்கார்ந்தேன்.

முதலில் பேட்டரியைக் கழற்றினேன். பேட்டரி இல்லாமல் பட்டனை அரை நிமிடத்துக்கு மேல் அழுத்திப் பிடித்தேன், உள்ளே மிச்சம் நிற்கிற மின்சாரம் வடிவதற்கு. பிறகு அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அம்மா எதிரே குந்திக்கொண்டு உள்ளங்கையை நீட்டினாள். கழற்றக் கழற்ற அதில் போட்டேன். அவள் ஒரு விரல் நகம் கறுத்துக் கிடந்தது. போன வாரம் கதவிடுக்கில் வைத்துச் சாத்தப்பட்ட விரல்.

மூடியை எடுத்ததும் உள்ளே பார்த்தால், காற்றாடியைச் சுற்றி மெத்தை தைக்கிற அளவுக்குப் பஞ்சு. அது நனைந்து களியாகப் பலகையில் அப்பியிருந்தது. இடுக்கியால் பிய்த்துப் பிய்த்து எடுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கைப் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தேன். ஒரு பக்கம் பஞ்சு வர மறுத்தபோது ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்துக் குத்திவிடலாம் என்று வெறி வந்தது. அப்பனுக்குப் பிறந்த கைதானே. அம்மா என் முகத்தைப் பார்த்தாள், பிறகு லேப்டாப்பைப் பார்த்தாள்.

"அடிக்காமயே இது சரியாகுமா கண்ணு?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

ஆகும் என்று சொன்னேன். எனக்கு நிச்சயமில்லை.

எல்லாவற்றையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், வெயில் காய்ந்த தரையில் துணி விரித்துப் பரப்பி, மேலே மெல்லிய துண்டு போட்டு மூடினேன். சூடு போதுமா, அதிகமாகிவிடுமா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கீழே தறிகள் நின்றுபோன தெரு. யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். அம்மா எனக்குத் தயிர் சாதம் கொண்டுவந்தாள், இறங்கவில்லை.

காய்ந்த பிறகு கீழே கொண்டுவந்து, நினைவகப் பட்டையைப் பிடுங்கி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்துத் துடைத்து, கிளிக் என்று சத்தம் வரும் வரைக்கும் அழுத்திப் பொருத்தினேன். பேட்டரியைப் போட்டேன். பட்டனை அழுத்தினேன். காற்றாடி சுற்றியது. விளக்கு நின்று எரிந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது. பழுது தண்ணீரில் இல்லை, அப்பாவின் அடியில். உயிர் வந்துவிட்டது, முகம் வரவில்லை.

திரை இல்லாவிட்டால் என்ன, டிவி இருக்கிறது. ஹாலில் இருக்கிற டிவியை இன்வெர்ட்டரில் போட்டேன். கேபிள் பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கி லேப்டாப்பில் சொருகினேன். குருட்டாம்போக்கில் விசைகளைத் தட்டத் தட்ட, ஒருவழியாக டிவியில் என் லேப்டாப் தெரிந்தது. இன்வெர்ட்டரில் டிவி போடக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். ஆனால் ஷட்டவுன் நாளில் ஆண்கள் எல்லாம் சாயங்காலம் வரைக்கும் டீக்கடையில்தான் கிடப்பார்கள். அண்ணன் குடோனில் இருந்தான். போனிலிருந்து இணையத்தை எடுத்துக்கொண்டு, லேப்டாப்பை டிவிக்கு முன்னால் ஸ்டூலில் வைத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா காமிராவில் படாமல் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள்.

இரண்டு மணிக்கு மூன்று பேர் டிவியில் வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். எங்கள் டிவி பெரியது, ஒவ்வொருவர் தலையும் அண்டா அளவுக்குத் தெரிந்தது. ஒருவர் எடுத்த எடுப்பிலேயே, லேப்டாப் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒருவர் போன் செய்கிறார், என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேட்டரியில் ஆரம்பித்து வெளித்திரையில் மாட்டிப் பார்ப்பது வரைக்கும் தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னேன். அடிக்கச் சொல்ல மாட்டேன் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அவர்களும் சிரித்தார்கள். அந்தப் பெண் கடைசியில், இரவு வேலையும் வரும், கோயம்புத்தூரிலேயே தங்க வேண்டியிருக்கும், வீட்டில் விடுவார்களா என்று கேட்டார்.

"நான் வந்தா எங்கம்மாவும் என்னோட வந்துருவாங்க மேடம்," என்றேன். "இந்த ஊட்டுல இனி நாங்க இருக்கப் போறதில்லீங்க."

சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. வாசலில் அப்பா நின்றிருந்தார்.

அவர் கத்தவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். நேராக அம்மாவிடம் போய்க் கொண்டையைப் பற்றி இழுத்து ஹாலுக்குக் கொண்டுவந்தார். முகத்தில் ஓர் அறை, பிறகு இன்னொன்று, பிறகு தலையைப் பிடித்து டிவி ஸ்டாண்டின் விளிம்பில் மோதினார். தறி ஓடாத வீட்டில் அடி எப்படிக் கேட்கும் என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கனமாக, ஈரமாக இருந்தது. அவருக்கு நாளும் கிழமையும் மறந்துபோயிருந்தது. நான் அவர் முன்கையைக் கடித்தேன், ரத்தம் வருமளவுக்குக் கடித்தேன். உதறியதில் சோபாவுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தேன்.

"சார், அந்தம்மா மேல இருந்து கைய எடுங்க," என்றது டிவி. "நாங்க மூணு பேரும் பாத்துட்டுத்தான் இருக்கோம்."

அப்பா நிமிர்ந்தார். இத்தனை வருடம் முதுகில் அறை வாங்கிய டிவி முதல் தடவையாக அவரை அதட்டியது. அந்தப் பெண் எழுந்து நின்றிருந்தார், போலீசுக்குச் சொல்கிறேன் என்று போனைக் கையில் எடுத்துக் காட்டினார். கதவுக்குப் பின்னால் தறிக்கட்டை ஒன்று கிடக்கும், தறியில் நூலோடு குறுக்கே ஓடுகிற நாடாவை அடித்துத் தள்ளுகிற கட்டை. அப்பா அதை எடுத்து டிவியின் நடுவில் போட்டார். மூன்று முகமும் ஒரே அடியில் போனது. இன்னொரு அடிக்கு டிவியே கீழே விழுந்து வயர் பிய்ந்தது.

"லைன்ல இருக்கீங்களா? கேக்குதா?" என்று அதே பெண் குரல் இப்போது ஸ்டூலில் இருந்த லேப்டாப்பிலிருந்து வந்தது.

அவர் கட்டையோடு லேப்டாப் பக்கம் திரும்பினார். நான் எழுவதற்குள் அம்மா போய் அதன் மேல் கவிழ்ந்துவிட்டாள். அடி அவள் வலது தோளில் விழுந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. அம்மா கத்தவில்லை. இடது கையால் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். வலது கை தொங்கியது. மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து லேப்டாப்பின் மேல் சொட்டியது. அவரை அவள் பார்க்கவே இல்லை. லேப்டாப்பிடம் பேசினாள்.

"ஏனுங்கம்மா, நாங்க ரெண்டு பேரும் இப்பவே பொறப்படறமுங்க. பஸ்ஸு ஏறற வரைக்கும் நீங்க லைன்லயே இருங்க."

"இருக்கேம்மா," என்றது குரல். "நீங்க நடங்க."

வாசலில் அண்ணன் நின்றிருந்தான். தலையெல்லாம் பஞ்சு. எவ்வளவு நேரமாக நின்றானோ. வழியை விடவில்லை. நீ போயிட்டா சோத்துக்கு என்னம்மா பண்றது என்று கேட்டான். சத்தியமாக அதைத்தான் கேட்டான். அரிசி டப்பாவுல இருக்குது, ஆக்கிக்க என்று சொல்லிவிட்டு அம்மா அவனைத் தாண்டிப் போனாள்.

தெருவில் எல்லோரும் வெளியே வந்து நின்றிருந்தார்கள். தறி ஓடாத நாள், எல்லோரும் வீட்டில்தான். அப்பாவும் கட்டையோடு வாசலுக்கு வந்தார், தெருவைப் பார்த்ததும் அதைக் காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். யாரும் எங்களை நிறுத்தவில்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, அவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. லேப்டாப்புக்கு இணையம் அறுந்துவிடாமல் நான் போனைப் பிடித்துக்கொண்டு ஒட்டி நடந்தேன். எங்கே வருகிறீர்கள், பின்னால் யாராவது வருகிறார்களா என்று லேப்டாப் கேட்டுக்கொண்டே வந்தது. அம்மா, இதா பிள்ளையார் கோயில் தாண்டிட்டமுங்க, இதா டேங்கு வந்துருச்சுங்க என்று பதில் சொல்லிக்கொண்டே நடந்தாள். கையில் ஒரு பைசா இல்லை. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ் வந்தது, ஏறினோம். ஏறிட்டமுங்க என்று அம்மா சொன்ன பிறகுதான் அந்தப் பெண் லைனை வைத்தார்.

கோயம்புத்தூர் பெரியாஸ்பத்திரியில் தோளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, காரமடையில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அந்த மேடமே போன் செய்து சொன்னார். அவருக்கு மனசில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. வேறு இடங்களுக்குச் சொல்லி வைக்கிறேன் என்றார். பின்னால் அவர் சொன்ன ஓர் இடத்தில்தான் எனக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் அன்றைக்கு அது தெரியாது. போனை வைத்ததிலிருந்து அம்மாவிடம் சொல்லாமல் ஒளித்துக்கொண்டு திரிந்தேன். மொதல்ல வேலை கெடைக்கட்டும் என்றுதானே சொல்லியிருந்தாள். கிடைக்கவில்லை என்று தெரிந்தால் துணியை மூட்டை கட்டிக்கொண்டு திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

கை தூக்க முடியாததால் அம்மாவுக்குத் தினமும் நான்தான் தலை வாரிவிடுவேன். பின்னந்தலையில் கொத்தாகப் பிடுங்கிப்போன இடத்தில் தோல் இன்னும் சிவந்திருந்தது. அந்த இடத்தில் சீப்புப் படாமல் வாரிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில், வேலை இல்லையென்று ஆகிவிட்டது என்று சொன்னேன்.

லைன்ல இருந்த அந்தம்மா நல்லா இருக்காங்களா என்று அம்மா கேட்டாள். இருக்கிறார்கள் என்றேன். பிறகு, திரும்பாமலேயே சொன்னாள்.

"நான் எங்கயாச்சும் சமையலுக்குப் போறேன் கண்ணு, ஒத்தக் கையிலயே ஆக்கிருவேன். வேல இல்லீன்னு சொல்லி என்னைய அந்த ஊட்டுல கொண்டுபோயி உட்டுராத."

நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.